வேட்பாளர் தகுதியும் நம் இளைஞரும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் கல்வியின் மேன்மை குறித்துப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். அதனை நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே, அதனோடு ஒட்டிய வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள அவரிடம் இசைவு பெற்றோம். பள்ளிக் குழுக்களுக்கும், ஊராட்சி, மாநகராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்களுக்கும் தேர்தல் வருங்கால், ஒருவர் போட்டியிடத் தகுதி உடையவரா அல்லரா என்று எழும் வழக்குகளே அப்பொருள். வாக்களிக்கும் கடமையைப் பற்றி நம் மக்களுக்கு எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். வாக்குச்சீட்டில் நம் பெயர் ஏறுவது எப்படி, அது ஏறாமற் போவது எப்படி என்பதைச் சொல்லித் தருவார் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். அரசு ஊதியம் பெறுபவர் இத்தேர்தல்களில் நிற்க முடியாது. எனவே இன்று பேசப்போகும் பொருளில் நமக்கென ஓர் ஆதாயமும் இல்லை என்று நம்பிக் கேட்கலாம்.

ஆயினும் இப்பொருளில் நமக்கு ஒரு கடன் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் செயற்குழுத் தேர்தல் இக்கட்டடத்தின் முன்கூடத்தில் நடைபெற்றதை மூத்தோர் நினைவில் வைத்திருப்பார்கள். தேர்தலை நடத்தித் தரும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மனுச் செய்தவர்களுள் ஒருவர், கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளில் மூட்டை தூக்கும் இளைஞர். பகலெல்லாம் சுமை தூக்கி, மாலையில் குளித்துவிட்டு நேரே நம் இரவுப் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். பள்ளியை இடையில் விட்டுப் பின்னர்த் தனித்தேர்வராக எழுதித் தேறியவர். அவர் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவர் இவ்வரங்கிலேயே இருக்கிறார்.

சந்தா நிலுவை வைத்திருப்பவர் போட்டியிடக் கூடாது என்பது சங்க விதி. பதிவேட்டைப் புரட்டினோம். அவர் பெயருக்கு நேரே அவ்வாண்டின் கட்டம் வெறுமையாக இருந்தது. தாம் சந்தா வாங்க வந்தவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டதாகவும், ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, பிறகு தருகிறேன் என்று அவர் சொல்லிச் சென்றதாகவும் இளைஞர் கூறினார். ரசீது உண்டா என்று வினவினோம். இல்லை என்றார். மனுவைத் தள்ளினோம். "விதி விதிதான், தம்பி" என்று நாம் சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. அப்போது அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்ல வேண்டும்: "அய்யா, காசு குடுத்தது நான், எழுதாதது நீங்க. தள்ளுபடி ஆனது மட்டும் என் பேரா?"

தேர்தல் முடிந்து இரண்டு கிழமை கழித்துக் கணக்கு முடிக்கும்போது, சந்தா வாங்கியவரின் கைக்குறிப்பேட்டில் அவர் பெயரும் தொகையும் நாளும் தெளிவாக எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அந்தக் குறிப்பேட்டிலிருந்து பதிவேட்டுக்கு ஒரு வரி ஏறாமற் போனது. அவ்வளவே. புதிய செயற்குழுவோ அதற்குள் பொறுப்பேற்றிருந்தது. அவர் அதன் பிறகும் இரவுப் பாடசாலைக்கு வருவதை நிறுத்தவில்லை. நம்மிடம் பேசுவதைத்தான் நெடுநாள் நிறுத்தியிருந்தார்.

தகுதி விதிகளைப் பற்றி நாம் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க, அன்று முன்கூடத்தில் நடந்தது நம் சங்கத்தில் மட்டும் நடந்ததன்று என்று தெரிந்தது.

நம் முன்னோர் காலத்திலிருந்து தொடங்குவோம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தேர்தல்களில் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. சேரியில் வாழ்ந்த நம் மக்களுள் அத்தகுதி உடையோர் மிகச் சிலர். எனவே நம் தலைவர்கள் மன்றத்துக்குத் தேர்தல் வழியே செல்ல இயலவில்லை. நியமனத்தின் வழியே செல்ல வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த எம். சி. ராஜா 1920இல் சென்னை மாகாணச் சட்ட மன்றத்துக்கு நியமனம் பெற்றார். இரட்டைமலை சீனிவாசனும் 1923இல் நியமன உறுப்பினராகவே சென்றார். அவர்கள் அங்கே ஆற்றிய பணி பெரிது. ஆயினும், நியமிக்கப்பட்டவரை அடுத்த முறை விட்டுவிடவும் முடியும் என்பதை அவர்களே நன்கு அறிந்திருந்தனர்.

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை நம் இளைஞர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அண்ணல் அம்பேத்கரோடு எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் கையொப்பமிட்டனர். மாகாண மன்றங்களில் 148 இடங்கள், அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30 என்பதையே பாடநூல்கள் சொல்லும். அதனினும் உற்று நோக்கத்தக்கவை இரண்டு. ஒதுக்கப்பட்ட ஓர் இடத்துக்கு யார் யார் வேட்பாளர் என்பதை முதலில் நம் மக்களே தம்முள் வாக்களித்து நால்வராகத் தெரிவு செய்ய வேண்டும் என்றும், அந்நால்வருள் ஒருவரைப் பின்னர் எல்லா வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. இடம் நமக்கு உண்டா என்பது ஒரு கேள்வி. அவ்விடத்துக்கு நிற்பவரை யார் தெரிவு செய்வது என்பது இன்னொரு கேள்வி. பின்னதன் அருமையை அம்பேத்கர் உணர்ந்திருந்தார். அந்த முதல்நிலைத் தேர்தல் முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது போனதன் இழப்பை நாம் இன்றும் உணர்கிறோம் என்பதே நம் கருத்து. மாறுபடுவோர் மாறுபடலாம்.

மற்றொன்று, அவ்வொப்பந்தத்தின் எட்டாம் கூறு. உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசுப் பணிகளிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த காரணத்தால் எவர்க்கும் எத்தடையும் இருத்தலாகாது என்று அது சொல்கிறது. கல்வித் தகுதி என்னும் பேச்சு அக்கூறில் வருகிறது. ஆனால் அரசுப் பணிக்கு மட்டுமே வருகிறது. உள்ளாட்சி மன்றத்துக்கு அத்தகுதியை அவர்கள் கேட்கவில்லை. அடுத்த கூறோ நம் மக்களின் கல்விக்கென மாகாணந்தோறும் மானியத்தில் போதிய தொகை ஒதுக்கச் சொல்கிறது. கல்வியை மன்றத்தின் வாசலில் காவலாக நிறுத்தாமல், மன்றத்துக்குச் சென்றவர்கள் பெற்றுத் தரவேண்டிய பொருளாக அப்பெரியோர் வைத்தனர். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

நம் நாட்டிலிருந்து சற்றே விலகி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பள்ளி வாரியம். அதன் உறுப்பினர்களைப் பல இடங்களில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சில இடங்களில் வேறு குழுக்கள் நியமிக்கும். ஆசிரியரை அமர்த்துவதும் பள்ளிக்குச் செலவிடுவதும் அவ்வாரியத்தின் கையில் இருப்பதால், அதில் இடம் பெறுவது சிறு செய்தியன்று.

ஜார்ஜியா மாநிலத்தில் தாலியஃபெரோ என்றொரு சிறிய வட்டம். அங்கே மக்களுள் பெரும்பான்மையோர் கருப்பினத்தவர். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேறிடப் பள்ளிகளுக்குப் போய்விட்டமையால் அரசுப் பள்ளிகளில் படித்தவர் அனைவரும் கருப்பினப் பிள்ளைகளே. ஆனால் அப்பள்ளிகளை நடத்திய ஐவர் வாரியத்திலோ ஐவரும் வெள்ளையர். இது எப்படி நேர்ந்தது? வாரிய உறுப்பினர் நிலவுடைமையாளராக இருத்தல் வேண்டும் என்பது அங்கிருந்த விதி. அவர்களைத் தெரிவு செய்வதோ ஊர்ப் பெருமக்கள் அடங்கிய ஒரு நடுவர் குழு. அந்நடுவர் குழுவுக்குரிய பட்டியலைத் தயாரிக்கும் ஆணையர்கள், அறிவும் நேர்மையும் உடையவர்களை மட்டுமே சேர்க்கலாம் என்பது மற்றொரு விதி. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது பட்டியல் புதிதாகத் தயாரிக்கப்பட்டது. அவ்வேளையிலும், அறிவோ நேர்மையோ போதாது என்று நீக்கப்பட்ட 178 பேருள் 171 பேர் கருப்பினத்தவர்.

தாய்மார்களே, இந்த எண்ணை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. அறிவு, நேர்மை என்ற நல்ல சொற்கள்தாம் உள்ளன. அச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பேனா யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

கருப்பின மக்கள் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டர்னர் எதிர் ஃபூஷே என்பது அவ்வழக்கின் பெயர். 1970 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நிலவுடைமை விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒரு சதுர அங்குல நிலம் இருந்தாலும் விதி நிறைவேறிவிடும் என்றால், அவ்விதி எந்தப் பொறுப்புணர்வை அளக்கிறது என்ற கேள்வி அங்கே எழுந்தது. நிலம் இல்லாதவர்க்குத் தம் ஊரின்மீதும் பிள்ளைகளின் கல்வியின்மீதும் பற்று இல்லை என்று கொள்ள இயலாது என்றது நீதிமன்றம். பட்டியல் தயாரித்த முறையும் கண்டிக்கப்பட்டது. இதற்கு முந்திய ஆண்டு, 1969இல், நியூயார்க் மாநிலத்தில் சொத்தும் பிள்ளையும் இல்லாத, பெற்றோர் வீட்டில் வாழ்ந்த ஓர் இளைஞர்க்குப் பள்ளித் தேர்தலில் வாக்குரிமை மறுத்ததையும் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவற்றைப் படித்தபோது நம் நாட்டில் இவ்வாறு நேருமா என்று ஐயுற்றோம். நேர்ந்தது. 2015இல் அரியானா மாநிலம் ஊராட்சித் தேர்தலில் நிற்பவர்க்குக் கல்வித் தகுதி வகுத்தது. பொதுப்பிரிவு ஆடவர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பெண்களும் பட்டியல் வகுப்பு ஆடவரும் எட்டாம் வகுப்பு. பட்டியல் வகுப்புப் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருத்தல் வேண்டும், மின்கட்டண நிலுவை இருத்தலாகாது என்றும் விதித்தது. எதிர்த்து வழக்காடியவர்கள் பெண்கள். 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இராசத்தான் மாநிலமும் அத்தகைய விதியைக் கொண்டுவந்து, பின்னர் 2019இல் தானே அதனை நீக்கிற்று. தமிழ்நாட்டில் இவ்விதி இல்லை.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படி, படி என்று சொல்லிவரும் ஆசிரியராகிய நாம் இத்தீர்ப்பைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். மகிழவில்லை. சட்டமன்ற உறுப்பினர்க்கோ நாடாளுமன்ற உறுப்பினர்க்கோ கல்வித் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத காமராசர் முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளி திறந்தார், மதிய உணவு தந்தார். அவர் இன்று அரியானாவில் தம் ஊர் வார்டு உறுப்பினராக நிற்க விரும்பியிருப்பின் மனுவைப் பரிசீலிக்கும் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். பள்ளிக்கு வரமுடியாமற் செய்யப்பட்ட ஒரு தலைமுறையிடம், பள்ளிக்கு வராத குற்றத்துக்காக மன்றத்துக்கும் வராதே என்று சொல்வது எவ்வகை நீதி? தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம். கருத்து மாறுபடும் உரிமை நமக்கு உண்டு.

இனி நம் பள்ளி வாசலுக்கே வருவோம். அமெரிக்கப் பள்ளி வாரியத்துக்கு நிகரென்று நம்மிடம் சொல்லத்தக்கது பள்ளி மேலாண்மைக் குழுவே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைவது அது. குழுவில் நான்கில் மூன்று பங்கு, அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அல்லது காப்பாளராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் பிள்ளைகளின் அளவுக்கேற்ற இடம் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2022இலும் மீண்டும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இக்குழுவைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் கூடினர். தலைவராகத் தூய்மைப் பணி செய்யும் தாய் ஒருவரின் பெயரைச் சிலர் முன்மொழிந்தனர். உடனே பின்வரிசையில் சலசலப்பு. "அந்தம்மாவுக்குக் கையெழுத்தே போட வராது, காசோலையில எப்படிப் போடும்?" என்றார் ஒருவர். "பையன் இந்த வருசம்தானே சேர்ந்தான்?" என்றார் மற்றொருவர். ஓராண்டு முடிந்தால்தான் தகுதி என்று தாம் கேள்விப்பட்டதாகவும் ஒருவர் சேர்த்துக்கொண்டார். இப்படிக் கேள்விப்பட்ட விதிகள் கூட்டத்தில் எங்கிருந்து முளைக்கின்றன என்பது நமக்கு இன்றும் விளங்காத புதிர். சட்டத்தை எடுத்து உரக்கப் படித்தோம். பிள்ளை அப்பள்ளியில் படிக்க வேண்டும் என்பதே அங்கு உள்ளது. படித்திருக்க வேண்டும், இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று எதுவுமில்லை. அவ்வம்மையார் தேர்வு பெற்றார். கையொப்பமிடக் கற்றுக்கொள்ள அவர்க்கு நான்கு நாள் போதுமானதாக இருந்தது. முதற்கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் காலை பத்து மணிக்கே நின்றுவிடுகிறது? பட்டம் பெற்ற நாம் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

அன்று சட்டத்தை உரக்கப் படித்ததும் நாமே. முன்கூடத்தில் இளைஞர் மனுவைத் தள்ளியதும் நாமே. பள்ளியில் விதிப்புத்தகத்தைத் தேடினோம். சங்கத்தில் குறிப்பேட்டைத் தேடவில்லை.

உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி மதுரை மாவட்டத்தில் பேசுவோர் மேலவளவைக் கடந்து செல்ல முடியாது. 1996இல் அவ்வூராட்சித் தலைவர் பதவி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, முதலில் மனுச் செய்தோர் மிரட்டலால் பின்வாங்கினர். தேர்தல் தள்ளிப் போயிற்று. மீண்டும் நடந்தபோது வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. மறுவாக்குப்பதிவுக்குப் பின்னரே முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பேருந்தில் அவரும் உடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லை. சில வேளை மனுச் செய்வார் இல்லை. சில வேளை பிறரால் நிறுத்தப்பட்டவர் வென்று, பொறுப்பேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்தார். 2006 அக்டோபரில்தான் அங்கெல்லாம் தேர்தல் முறையாக நடந்தது. சட்டம் எழுதிய தகுதி அவ்வூர்களில் நம்மவர்க்கு இருந்தது. ஊர் எழுதிய தகுதிதான் இல்லை. இரண்டாவது எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. ஆகவே அதனை எதிர்த்து வழக்குத் தொடுப்பதும் அரிது.

நம் வில்லாபுரத்துக்கும் இதில் பங்குண்டு. 1996இல் இங்கிருந்து மதுரை மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட லீலாவதி அம்மையார், இப்பகுதிக்குக் குடிநீர் கொண்டுவரப் பாடுபட்டு, 1997 ஏப்ரல் 23 அன்று இதே தெருக்களில் கொல்லப்பட்டார். அவர் பெயரை அறியாத சிறுவர்கள் இங்கே அமர்ந்திருப்பின், வீட்டுக்குப் போனதும் பாட்டிமாரைக் கேளுங்கள்.

இளைஞர்களே, இனி உங்களுக்கென்று சில செய்திகள். வாக்களிக்க 18 வயது, உள்ளாட்சியில் போட்டியிட 21 வயது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல் வேண்டும். ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்க வட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஊராட்சிக்கு வரி பாக்கி இருந்து, அதற்கு அறிவிப்பும் தரப்பட்டிருந்தால், அதுவே தகுதிக் குறைவாகிவிடும். சந்தா நிலுவை போன்றதே இதுவும் என்று சிரிக்கிறீர்கள். ஆம், போன்றதே. வரி கட்டிய ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

சாதிச் சான்றிதழில் எழும் வழக்கு மிகவும் சிக்கலானது. 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்துக்களே பட்டியல் வகுப்பினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர் இதற்குள் வருவதில்லை. தமிழர் பெருகி வாழும் கோலார் தங்கவயலில் 1967இல் ஒதுக்கப்பட்ட தொகுதியில் வென்ற ராஜகோபால், கிறித்தவராக மாறியவர் என்ற வழக்கில் பதவி இழந்தார். 1972இல் மீண்டும் வென்றார். மீண்டும் ஆறுமுகம் என்ற அதே எதிராளி வழக்குத் தொடுத்தார். இம்முறை, அவர் இந்து சமயத்துக்குத் திரும்பியதையும் அவர்தம் சாதியார் அவரை ஏற்றுக்கொண்டதையும் உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் ஏற்று, வெற்றி செல்லும் என்றது. அண்மையில் கேரளத்தின் தேவிகுளத்தில், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அ. ராஜா 2021இல் பெற்ற வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அவர் பதவியை உறுதி செய்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை அவர்க்கு யார் திருப்பித் தருவார்? ஆகவே தாத்தா பெயரும் ஊரும் பிழையின்றி எழுதப்பட்ட தாள்களை இன்றே பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஓர் எழுத்து, வாக்காளர் பட்டியலில் வேறோர் எழுத்து இருப்பின் அதனை இப்போதே திருத்துங்கள். அவ்வெழுத்துகளைத் தப்பாக எழுதியவர்கள் பலவேளை எம் போன்ற ஆசிரியர்களே என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மனுத் தள்ளுபடியானால் உடனே நீதிமன்றம் செல்லலாமே என்று கேட்பீர்கள். நாமக்கல் தொகுதியில் தம் மனு தள்ளப்பட்ட பொன்னுசாமி என்பவர் அவ்வாறே சென்றார். தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் தலையிடாது, முடிந்த பின் தேர்தல் மனுவாகக் கொண்டுவருக என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. உள்ளாட்சித் தேர்தலுக்கும் அரசியல் சட்டம் அதே வழியை வகுத்திருக்கிறது. எனவே பரிசீலனை மேசையில் நடப்பதே பெரும்பாலும் முடிவு. மனுச் செய்யும் நாளன்று கடைசி அரைமணி நேரத்தில் ஓடாதீர்கள். பரிசீலனையின்போது நேரில் இருங்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மற்றொன்றும் உண்டு. ஒதுக்கீட்டு வார்டில் மட்டுமே நாம் நிற்கலாம் என்று நம்மவரே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1957இல் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில் பழங்குடியினர் இருவரே இரண்டு இடங்களையும் பெற, தோற்ற வி. வி. கிரி வழக்குத் தொடுத்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே பெரியவர்தாம். பொது இடமும் எல்லார்க்கும் உரியதே, பழங்குடியினர் அதில் வெல்லத் தடையில்லை என்று 1959இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு நமக்கும் பொருந்தும். ஒதுக்கீடு நமக்குக் குறைந்த அளவைச் சொல்வது. அதனை எல்லைக்கோடாகக் கொள்ளாதீர்கள்.

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறோம். சென்ற பொதுக்குழுவில் சங்க விதியைத் திருத்த வேண்டும் என்று நாம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். சந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தா இல்லாமல் இரவுப் பாடசாலைக்கு விளக்கு எரியாது. தேர்தலுக்கு முப்பது நாள் முன்னரே உறுப்பினர் பட்டியலை நிலுவையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், மனுப் பரிசீலிக்கும் நேரம் வரை நிலுவையைக் கட்ட இடம் தரவேண்டும், தள்ளுவதாயின் போட்டியிடாத மூவர் கூடிக் கேட்டுக் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்பவையே திருத்தங்கள். இவற்றால் ஒழுங்கு குலையும் என்று மூத்தோர் சிலர் வாதிட்டனர். அவர்கள் அச்சத்தை நாம் இழிவாக எண்ணவில்லை. இச்சங்கத்தை ஒற்றைக் காசாகச் சேர்த்து வளர்த்தவர்கள் அவர்கள். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் தீர்மானம் சிறு வேறுபாட்டில் நிறைவேறியது. கணக்கு முடிக்கும் அந்தப் பழைய குறிப்பேட்டையும் நாம் அன்று கூட்டத்தில் காட்டினோம்.

அந்த இளைஞரை நேரிற் சென்று பார்த்து, தவறு நம்முடையது என்று சொன்னோம். "விடுங்கய்யா" என்றார். இம்முறை நிற்குமாறு கேட்டோம். மறுத்துவிட்டார். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். வேறு காரணம் இருப்பின் அதைக் கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவரிடம் இரவுப் பாடசாலையில் கணக்குப் படித்து, இவ்வாண்டு கல்லூரிப் படிப்பை முடித்த பெண் ஒருவர் மனுச் செய்திருக்கிறார். வயது 21 நிரம்பிப் பத்து நாள் ஆகிறது. பிறப்புச் சான்றிதழை அவரே கேட்காமலே கொண்டுவந்து மேசைமீது வைத்தார்.

உறுப்பினர் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. உரை முடிந்ததும் போய்ப் பாருங்கள். பெயர் விடுபட்டோரும் நிலுவை தவறாகக் காட்டப்பட்டோரும் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத இயலாதோர் நம்மிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.